மூன்றாம் ஓலை

தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடலாமா? வெக்கைதான், எனக்கும் தெரியுது. இந்தப் புஸ்தகத்தோட தாள் மெல்லிசு, காத்து பட்டா மடங்கிரும். லிஸ்பன்ல அச்சடிச்சது. அங்கல்லாம் இப்படிக் காத்து அடிக்காதோ என்னமோ. இன்னும் கொஞ்சம் இழுங்க. ஆங், இப்ப சரி.

நீங்க கன்னியாகுமரி வரைக்கும் போறியளா? நான் நடுவுல இறங்கணும், அடைக்கலபட்டணம் விலக்குல. திருச்செந்தூர் தாண்டி முக்கா மணி நேரம். நான் பேச்சுல மறந்துட்டேன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு செவ்வாக்கிழமையா மறந்து மறந்து கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டுத் திரும்புதேன்.

அங்க யாரு இருக்காவன்னா கேக்கிய? பேரப்பிள்ளைங்க. ரெண்டு. மூத்தவன் கஸ்பார், இளையவ எஸ்தாக்கி. இந்தப் புஸ்தகத்துலயே இருக்கு, காட்டுதேன், அவசரமில்லை. முதல்ல இந்த மக்ரூனை எடுத்துக்கிடுங்க. என் மக சலேத் குடுத்துவிட்டது. பக்கத்துல உக்காந்து கேக்கிற பாவப்பட்ட மனுசருக்குக் குடுங்கப்பான்னு சொல்லிக் குடுத்தா. வாய்க்குக் குறைச்சல் கிடையாது, அவ அம்மா மாதிரி.

என் பேரு தனிஸ்லாஸ். தனிஸ்லாஸ் கல்தேரா. சிரிக்கிய பாத்தியளா? எல்லாரும் சிரிப்பாவ. ஆளு கருங்காலிக் கட்டை, பேரு மட்டும் பறங்கியான்னு. எங்க கடக்கரையில அப்படித்தான். நானூறு ஐநூறு வருசத்துக்கு முன்னாடி எங்க பூட்டன்மாரு ஞானஸ்நானம் வாங்கினப்போ, ஞானத்தகப்பனா நின்னு தலைதொட்ட போர்த்துக்கீசுக்காரன் தன் பேரையே பிள்ளைக்கும் குடுத்துட்டான். பர்னாந்து, மச்சாது, கர்வாலோ, கல்தேரா. ஒரே கல்தேரா ஒரே நாள்ல நாப்பது பேருக்குத் தலைதொட்டிருப்பான். அதனால கல்தேரான்னு பேர் வச்சவன் எல்லாம் ஒருத்தனுக்கொருத்தன் சொந்தம்னு ஆகாது. இதை ஞாபகத்துல வச்சுக்கிடுங்க. நான் வச்சுக்கிடல.

துறைமுகத்துல முப்பத்தொரு வருசம் டாலி கிளார்க். கப்பல்ல இருந்து இறங்குற மூட்டையை எண்ணி எழுதுற வேலை. கப்பல்காரன் சீட்டும் என் சீட்டும் ஒத்துப்போகணும். ஒரு மூட்டை முந்திரி குறையுதுன்னு ஒரு கப்பலை ரெண்டு நாள் நிறுத்திப்போட்டேன். கேப்டன் வந்து கெஞ்சினான். எழுத்துன்னா எழுத்துதான்னுட்டேன். கடைசியில அந்த மூட்டை எங்க கிட்டங்கியிலயே கிடந்துச்சு, அது வேற கதை. 2006ல வி.ஆர்.எஸ். குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாவ. வீட்டுக்காரி அதுக்கு மூணு வருசம் முன்னாடியே போயிட்டா. சலேத் ஒரே மக. டி.டி.பி. கடையில வேலை. நான் காலையில எந்திரிச்சா எண்ணுறதுக்கு ஒண்ணுமில்லை.

அப்பதான் எங்க மாதா கோயிலுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. லிஸ்பன்ல எதுவார்தோ கல்தேரான்னு ஒரு பல் டாக்டர், என்னை மாதிரி ரிட்டயர்டு. உலகத்துல எங்கெங்க கல்தேரா இருக்கானோ அத்தனை பேரையும் ஒரே புஸ்தகத்துல சேக்கணும்னு அவருக்குக் கிறுக்கு. பிரேசில், கோவா, கொழும்பு, மலாக்கா எல்லாத்துக்கும் ஒவ்வொரு ஆள் பிடிச்சுட்டாரு. நம்ம கடக்கரைக்குத்தான் ஆள் இல்லை. பங்குச்சாமி என்னைக் கைகாட்டிவிட்டாரு. ஒரு மாசத்துல கார்டு வந்துச்சு, கிழக்குக் கடற்கரைப் பொறுப்பாளர்னு போட்டு. வேலையில இருந்து அனுப்பிவிட்ட மனுசன் வீட்டு வாசல்ல தபால்காரன் லிஸ்பன் ஸ்டாம்போட நிக்கான். எப்படி இருக்கும் சொல்லுங்க.

பதினாலு ஊர்க் கோயில் தம்பி. ஒவ்வொரு கோயில்லயும் மூணு விதமான புஸ்தகம். ஞானஸ்நானப் புஸ்தகம், கல்யாணப் புஸ்தகம், மரணப் புஸ்தகம். பழசெல்லாம் லத்தீன், கரையான் தின்ன மிச்சம். டாக்டர் முதல்ல பிறப்பையும் கல்யாணத்தையும் கேட்டாரு. சாவு பெறவு போதும்னாரு. நானும் சாவை பெறவு பாத்துக்கிடலாம்னு விட்டேன். பகல்ல நான் போய் எழுதிட்டு வருவேன், சாயங்காலம் சலேத் வேலை முடிஞ்சு வந்து கம்ப்யூட்டர்ல ஏத்துவா. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர், ஒரு துண்டுத் தாள். வீடு முழுக்க விரிச்சு வச்சிருப்பேன், கட்டில்ல, சோத்து மேசையில, தரையில. ஃபேன் போட முடியாது, தாள் பறக்கும். ஜன்னல் திறக்க முடியாது, உப்புக்காத்துல மை கலைஞ்சுரும். தூத்துக்குடி வெயில் தெரியும்லா உங்களுக்கு. அந்த வெக்கையில முந்தானையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே டைப் பண்ணுவா. எவ்வளவு ஈடுபாடு பாருங்க.

2009ல அவளுக்குச் சம்பந்தம் வந்துச்சு. அடைக்கலபட்டணம் கஸ்பார் மச்சாது மகன், பெனிட்டோ. கப்பல்ல என்ஜின் ரூம் வேலை. நல்ல பையன், கையில கிரீஸ் கறை போகாது, அதை மறைக்கவும் மாட்டான். பாத்துட்டுப் போன மறுநாளே போன் போட்டான். இவ மொட்டை மாடியில நின்னு பேசுவா. சிரிப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேக்கும். நான் ஒரு தடவை சத்தம் போட்டேன், ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதாம் வருசத்துப் பக்கத்துல இருக்கேன், கவனம் சிதறுதுன்னு.

உங்களுக்கு எங்க வழக்கம் தெரியாதுல்லா. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில பேர் வாசிப்பாவ. இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் கல்யாணம் பண்ணப் போறாவ, தடை ஏதும் தெரிஞ்சவிய சாமிகிட்ட சொல்லணும்னு. ஓலை வாசிக்கிறதும்பாவ. முதல் ஓலை, ரெண்டாம் ஓலை, மூணாம் ஓலை. மூணும் முடிஞ்சாத்தான் கல்யாணம். நானூறு வருசத்துல எவனும் எந்திரிச்சுத் தடை சொன்னதா நான் எந்தப் புஸ்தகத்துலயும் பாக்கல. சும்மா ஒரு சடங்கு.

முதல் ஓலை வாசிச்சாச்சு. நான் என்ன நினைச்சேன்னா, மாப்பிள்ளை வீட்டுக்கு நகை நட்டு எல்லாரும் போடுவான், நாம அவன் வம்ச மரத்தை எழுதி ஃபிரேம் போட்டுக் குடுப்போம், கடக்கரையில யாரும் குடுக்காத சீரு. ஆசையாத்தான் தொடங்கினேன் தம்பி, மாதா மேல சத்தியமா. அடைக்கலபட்டணம் போய் கல்யாணப் புஸ்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பெனிட்டோவோட பூட்டன்கிட்ட வந்து கை நின்னுபோச்சு.

1911ல கல்யாணம். மாப்பிள்ளை பேரு சந்தியாகு கல்தேரா. ஊரு தூத்துக்குடி. வயசு இருபத்திரண்டு. பொண்ணு மச்சாது வீட்டு ஒத்தைப் பிள்ளை. இவரு வீட்டோட மாப்பிள்ளையாப் போயிருக்காரு, பிள்ளைங்களுக்கு மச்சாதுன்னு தாய் வீட்டுப் பேரை வச்சிருக்காவ. அப்போ இவனுவ மச்சாது இல்லை, கல்தேரா. சரி, எந்தக் கல்தேரா? தகப்பன் பேரு இருக்க வேண்டிய இடத்தைக் கரையான் தின்னுட்டு. நான் ராத்திரி வண்டியப் பிடிச்சுத் திரும்பி வந்து காலையில எங்க கோயில் ஞானஸ்நானப் புஸ்தகத்தை எடுத்தேன். 1889 ஜூலை. சந்தியாகு, அந்திரேயாஸ் கல்தேராவின் மகன். அந்திரேயாஸ் யாரு? என் பூட்டன். அந்தச் சந்தியாகு எங்க தாத்தாவோட கூடப்பிறந்த அண்ணன். எண்பத்தொம்பதையும் இருபத்திரண்டையும் கூட்டுங்க. 1911. டாலி ஆயிருச்சு.

அப்போ பெனிட்டோவும் என் மகளும் யாரு? அண்ணன் தங்கச்சி முறை, பங்காளிங்க. ஆம்பளை வழியில, ஒரே ரத்தம், ஒரே தலைமுறை. எங்க ஆளுவ மாமன் மகளைக் கட்டுவான், அத்தை மகளைக் கட்டுவான், அதுக்குக் கோயில்ல மனுப் போட்டு அனுமதி வாங்குவான். பங்காளி மகளைக் கட்டமாட்டான். எத்தனை தலைமுறை ஆனாலும் தங்கச்சி தங்கச்சிதான்.

ரெண்டாம் ஓலை அன்னைக்கு நான் அடைக்கலபட்டணத்துல இருந்தேன். பூசை முடிஞ்சு சாமி உடுப்பு மாத்துற அறைக்குப் போனேன், மரத்தை விரிச்சேன். சின்ன வயசுச் சாமி. பாத்துட்டு, நாலு தலைமுறை தாண்டிட்டே, சபைச் சட்டப்படி இது தடையே கிடையாது, வீட்டுக்குப் போங்கன்னாரு. சட்டம் வேற சாமி, முறை வேறன்னேன். தடை தெரிஞ்சா சொல்லுன்னு நீங்கதானே இப்ப வாசிச்சிய, சொல்லுதேன், எழுதுங்கன்னேன். அவரு எழுதமாட்டேன்னாரு. ஓலைப் புஸ்தகத்தை வாங்கி நானே எழுதினேன், மூணாம் ஓலைக்கான கட்டத்துல. தடை: ஒரே பங்காளி வழி. தெரிவித்தவர்: பெண்ணின் தகப்பனார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். 

மாப்பிள்ளையோட அம்மா ரெஜினா ஓடி வந்துச்சு. அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுது, "அண்ணே, எங்க வீட்டுச் சந்தியாகு வேற. அவியள ஒத்தக்கண்ணன் வீடும்பாவ. நீங்க உப்பளத்தான் வீடு. ரெண்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. என் மாமியா சொல்லக் கேட்டிருக்கேன்."

இதுல ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். ஜூலை இருபத்தஞ்சு சந்தியாகப்பர் திருநாள். அந்த மாசம் பிறக்கிற ஆம்பளைப் பிள்ளைக்குச் சந்தியாகுன்னு வைக்கிறது வழக்கம். தெருவுல சந்தியாகுன்னு கூப்பிட்டா பத்துப் பேரு திரும்புவான். அதனாலதான் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பேரு, ஒத்தக்கண்ணன், உப்பளத்தான், சுக்குக்காப்பின்னு. ஆனா கோயில் புஸ்தகத்துல பட்டப்பேரு எழுதமாட்டாவ. நான் ரெஜினாம்மாகிட்ட கேட்டேன், பத்திரம் இருக்கான்னு. மாமியா சொன்னதெல்லாம் எழுத்தாகுமான்னு. சரியாத்தானே கேட்டேன்?

பக்கத்து அறையில கோயில்பிள்ளை மெழுகுவத்தி அணைச்சுக்கிட்டு இருந்திருக்கான். மத்தியானத்துக்குள்ள கடக்கரை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. மச்சாது வீட்டுப் பையன் தங்கச்சியைக் கட்டப் போனாம்டேன்னு வலை கட்டுற இடத்துல எல்லாம் கேலி. பையனோட அப்பா கஸ்பார் மானஸ்தன். அவரும் முடியாதுன்னுட்டாரு. சாயங்காலம் சலேத் வந்து நின்னா. சாமியே தடை இல்லைங்காரேப்பான்னா. சாமிக்கு லத்தீன் தெரியாதும்மான்னேன்.

மூணாவது ஞாயித்துக்கிழமை எங்க கோயில் பூசைக்கு ரெண்டு பேரும் போனோம். அன்னைக்கு வேற மூணு ஜோடிக்கு ஓலை வாசிச்சாவ. இவ பேரு வரல. பூசை முடிஞ்சு எல்லாரும் போன பெறவும் அப்படியே உக்காந்திருந்தா. ஜெபம் பண்ணுதான்னு நினைச்சு நான் முன்னாடி வந்துட்டேன்.

அதுக்குப் பெறவு போன்ல சிரிக்கிறது கிடையாது. போன் பண்ண ஆளும் இல்லையே. வீட்டுல அமைதி. வேலை ஓடுச்சு தம்பி, ரெண்டு வருசத்துல மூவாயிரம் பேரு. பெனிட்டோ மறு வருசம் பிப்ரவரியில வேற பொண்ணைக் கட்டிட்டான். எனக்கு அது சமாதானமாத்தான் இருந்துச்சு. அண்ணன்காரன் நல்லா இருக்கட்டும்.

தண்ணி இருக்கா? குடுங்க.

2011ல டாக்டர் எழுதினாரு, இனிமே சாவை எடுக்கலாம்னு. எங்க கோயில்லயே தொடங்கினேன். மரணப் புஸ்தகம், 1893, காலரா வருசம். ஒரு பக்கத்துக்கு முப்பது பேரு, கை ஓஞ்சு எழுதின எழுத்து. ஆறாவது பக்கத்துல சந்தியாகு, அந்திரேயாஸ் கல்தேராவின் மகன், வயது நாலு.

நாலு வயசு. எங்க தாத்தாவோட அண்ணன் நாலு வயசுல செத்துப்போயிட்டான். செத்தவன் 1911ல எப்படி வீட்டோட மாப்பிள்ளையாப் போவான்? திரும்ப ஞானஸ்நானப் புஸ்தகத்தை எடுத்தேன். அதே 1889, அதே ஜூலை, ரெண்டு பக்கம் தள்ளி இன்னொரு சந்தியாகு கல்தேரா. தகப்பன் வேற, தெரு வேற. நான் முதல் சந்தியாகுவைப் பாத்ததும் டாலி ஆயிருச்சுன்னு புஸ்தகத்தை மூடிட்டேன். ரெண்டு பக்கம் தம்பி. ரெண்டே ரெண்டு பக்கம் திருப்பியிருந்தா போதும். கோயில் அலுவலகத்துல டீ குடுத்தாவ, கீழ போட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், நான் மறைக்கல. அன்னைக்குச் சாயங்காலமே சிவப்பு மையில திருத்தம் எழுதினேன். சந்தியாகு, நாலு வயசுல மரணம், இவர் வழியாகக் காட்டிய கிளை தவறு, நீக்குக. எழுதி சலேத் முன்னாடி வச்சேன். அவதானே டைப் பண்ணணும். அவ தாளை எடுத்து வாசிச்சா. திரும்ப ஒரு தடவை வாசிச்சா. "இது அடைக்கலபட்டணத்துச் சந்தியாகுதானேப்பா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். டைப் பண்ணினா. லிஸ்பனுக்கு அனுப்பினா. பெறவு எந்திரிச்சு, சாப்பாடு வைக்கவான்னா.

எவ்வளவு பக்குவம் பாருங்க. ஒரு சத்தம் இல்லை. ஒரு தட்டு கூட உடையல. உடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதுக்குப் பெறவு சம்பந்தம் ஒண்ணும் வரல. வயசு கூடிப்போச்சுங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு எனக்கே பெறவுதான் தெரிஞ்சுது. உப்பளத்தான் வீட்டுல பொண்ணு கேட்டா ஏழு தலைமுறைக்கு எக்ஸ்ரே எடுப்பான்னு சொல்லுதாவளாம். நான் தெருவுல வந்தா வீட்டுக்குள்ள ஆல்பத்தை ஒளிக்காவ. எவன் வீட்டுல என்ன இருக்கோ, யாரு கண்டது. நான் அவளுக்குச் சொல்லுவேன், கவலைப்படாதம்மா, பொம்பளைப் பிள்ளைங்க கல்யாணமானா நம்ம புஸ்தகத்துல ஒரு வரியோட முடிஞ்சுருவாங்க, புருசன் பேரு, பிள்ளைங்க பேரு, புள்ளி. நீ கடைசி வரைக்கும் கல்தேராவாவே இருப்பேன்னு. அவ சரிப்பான்னுட்டு டைப் பண்ணுவா.

விட்டுரலாம்னு நான் நினைக்காம இல்லை. வீட்டுக்குள்ள நாலாயிரத்து இருநூறு கல்தேரா. நடக்க இடமில்லை. பாதியில விட்டா அவளுக்கு வந்த கஷ்டத்துக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்லா? அதனால நானும் எழுதினேன், அவளும் டைப் பண்ணினா, வருசம் ஒம்பது போச்சு. அவளுக்கு முப்பத்தாறு. இப்பல்லாம் எனக்குத்தான் அந்த வீட்டுல மூச்சு முட்டுது.

ஆறு மாசத்துக்கு முன்னாடி புஸ்தகம் வந்துச்சு. இதுதான். நானூறு பிரதி, பதினொரு தேசத்துக்குப் போயிருக்கு. நான் முதல்ல எங்க குடும்பத்துப் பக்கத்தைத் திருப்பினேன், எல்லாரும் அதைத்தானே பாப்பான். இந்தா பாருங்க, அறுநூத்திப் பதினேழாம் பக்கம். இங்கிலீஷ்தான், வாசிங்க. நம்பர் இரண்டாயிரத்து நூத்திப் பதினேழு. சலேத் மேரி கல்தேரா. பிறப்பு 1983. திருமணம் 2009 ஜூன் எட்டு, அடைக்கலபட்டணம். கணவர் பெனிட்டோ மச்சாது. பிள்ளைகள் கஸ்பார், எஸ்தாக்கி. புள்ளி.

ஆமா. ஜூன் எட்டுதான் நாங்க குறிச்சிருந்த தேதி.

அவதான் கடைசிப் பிரதியை ஏத்தி அனுப்பினவ. முறை தப்பாமப் பேரு வச்சிருக்கா பாத்தியளா? மூத்தவனுக்கு அப்பன் வழித் தாத்தா பேரு, பொண்ணுக்குத் தாய் வழி ஆச்சி, என் வீட்டுக்காரி பேரு. ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. நான் புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். அவ மீன் கழுவிக்கிட்டு இருந்தா. என்னம்மா இதுன்னேன். எட்டிப் பாத்தா. "தப்பு இருந்தா திருத்திக்கிடுங்கப்பா. நீங்க திருத்தாத தப்பா?"

அவ்வளவுதான் சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல. மீனைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் செதில் சுரண்டினா.

அதோட முடிஞ்சிருந்தா சரி. டாக்டர் எழுதிட்டாரு, ரெண்டாம் பதிப்பு போடணுமாம், 1950க்குப் பெறவு நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கோயில் புஸ்தக நகல் அனுப்பணுமாம். மத்தவியளுக்கெல்லாம் அனுப்பிட்டேன். இரண்டாயிரத்து நூத்திப் பதினேழு பாக்கி. அதுக்குத்தான் ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் இந்த வண்டி ஏறுதேன். அங்க கல்யாணப் புஸ்தகத்துல ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஓலைப் புஸ்தகம்தான் இருக்கும். என் மக கல்யாணத்துக்கு உலகத்துல இருக்கிற ஒரே எழுத்து அது. நகல் கேட்டா குடுப்பாவ. அதுல என் கையெழுத்துதான் இருக்கும்.

இந்தப் பெரிய ஆலமரம், ஒயின் ஷாப்... தம்பி, இது அடைக்கலபட்டணம் விலக்கு தாண்டின இடம்லா? எப்போ தாண்டிச்சு? நீங்க சொன்னியளா? கையைக் காட்டினியளா? நான் கவனிக்கல. நடத்துனரைக் கூப்பிட வேண்டாம், உக்காருங்க. நான் ஏறும்போதே கன்னியாகுமரிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.

ஒண்ணு கேக்கேன். டாக்டர் அனுப்பின ஃபாரத்துல கீழ ஒரு வழி போட்டிருக்காரு. நகல் கிடைக்கலைன்னா, இந்தக் கல்யாணம் நடந்தது எனக்குத் தெரியும்னு பொறுப்பாளர் கையெழுத்துப் போடலாம், கூட ஒரு சாட்சியும் போடணும். கொழும்புக்காரன் எல்லாத்துக்கும் அப்படித்தான் போட்டு அனுப்புவான், நான் அவனைத் திட்டி டாக்டருக்கு எழுதியிருக்கேன். இத்தனை வருசத்துல நான் ஒரு தடவை கூட அதைத் தொட்டதில்லை. பெனிட்டோவுக்கு நிஜத்துல வேற பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க. ஆனா அவிய மச்சாதுங்கிற பேர்ல இருக்காவ, நம்ம புஸ்தகத்துக்குள்ள வரமாட்டாவ. எங்கயும் இடிக்காது, நான் பாத்துட்டேன்.

இந்தா, ஃபாரம். என் கையெழுத்தைப் போட்டுட்டேன், முதல் செவ்வாக்கிழமையே. பொறுப்பாளர், கிழக்குக் கடற்கரை. இந்தக் கோடு சாட்சிக்கு. கடக்கரையில ஒரு பயலும் போடமாட்டான், எல்லாருக்கும் கதை தெரியும். போன வாரம் நீங்க இருக்கிற இடத்துல ஒரு டீச்சரம்மா இருந்துச்சு. மக்ரூனைத் தின்னுட்டு, பாக்காத கல்யாணத்துக்கு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடன்னுச்சு. நியாயம்தான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனா நீங்க எல்லாத்தையும் கேட்டிய. மாப்பிள்ளை பேரு தெரியும், தேதி தெரியும், பிள்ளைங்க பேரு தெரியும். கையில கிரீஸ் கறை இருக்கும்னுகூடத் தெரியும். கல்யாண வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போறவனுக்கு இவ்வளவு தெரியுமா? மக்ரூனும் தின்னாச்சு.

ஜன்னலை வேணும்னா திறந்துக்கிடுங்க. ஃபாரத்தை நான் பிடிச்சுக்கிடுதேன், பறக்காது. உங்க பேரு, ஊரு, கீழ கையெழுத்து. வண்டி ஆடும், மெதுவாப் போடுங்க.